துன்பம் திருப்புமா? மாத்தளை மண்ணில் ஒரு கிறிஸ்தவக் கேள்வி

துன்பம் வந்தால் மனிதன் கடவுளைத் தேடுவான் என்பது கிறிஸ்தவ மறையுரைகளில் அடிக்கடி கேட்கப்படும் கூற்று. நோய்ப் படுக்கையிலும், கடன் முற்றிய குடும்பத்திலும், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டிலும் மறந்துபோன செபங்கள் மீண்டும் நாவில் ஏறுவதை எந்தப் பங்கிலும் காணலாம் என்பதால், அக்கூற்றுக்கு அனுபவத்தின் துணையும் உண்டு. ஆயினும் அதே நோயும் அதே இழப்பும் வேறு சிலரைக் கோவில் படியையே மிதிக்காதவர்களாக ஆக்கிவிடுவதையும், அவர்களுடைய நெஞ்சை ஆண்டுக்கணக்கில் கசப்பால் நிறைத்துவிடுவதையும் அதே பங்கில் காணலாம். துன்பம் கடவுளிடம் திருப்புகிறது என்று பொதுப்படச் சொல்வது பாதி உண்மையே என்பதற்கு இந்த இரண்டாவது கூட்டத்தார் வாழும் சாட்சிகள். மனிதன் எவற்றின்மேல் சாய்ந்து நின்றானோ அந்தத் தாங்குகோல்களைத் துன்பம் பிடுங்கிவிடுகிறது. அதற்கு மேல் அது தானாக எதையும் செய்வதில்லை. பிடுங்கப்பட்ட இடத்தில் பணிவு பிறந்தால் மனிதன் கடவுளை நோக்கித் திரும்புகிறான். கசப்போ வீம்போ பிறந்தால், பட்ட துன்பம் அவனை முன்பு இருந்ததைவிடத் தொலைவில் கொண்டுபோய் விடுகிறது. இலங்கைத் திருச்சபையின் வரலாறு, குறிப்பாகச் சீகிரியாவை உள்ளடக்கிய மாத்தளை மாவட்டத்தையும் அதன் அயலையும் தொட்டுச் செல்லும் பகுதி, இந்த உண்மையைப் பலமுறை மெய்ப்பித்திருக்கிறது.

இங்கே இரண்டு சொற்களின் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். மனந்திரும்புதல் என்பது கிறிஸ்தவ வழக்கில் செய்த தவறுக்காக வருந்துவதோடு முடிவதில்லை. தன்னையே மையமாகக் கொண்டு நடந்துவந்த வாழ்வின் திசையைக் கடவுளை நோக்கி மாற்றிக்கொள்வதை அது குறிக்கும். பணிவு அல்லது மனத்தாழ்மை என்பதும் தன்னைத்தானே இழிவாக எண்ணுவதையோ, வலியவர்முன் கைகட்டி நிற்பதையோ குறிப்பதன்று; தன் உயிரும் அறிவும் உறவும் தானே உண்டாக்கியவை அல்ல, பெற்றுக்கொண்டவை என்ற உண்மையை ஏற்று, அந்த உண்மைக்கு ஏற்ப நடந்துகொள்வதே பணிவு. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்பானியத் துறவி அவிலாவின் தெரேசா பணிவை உண்மையோடு சேர்த்தே விளக்கியதன் காரணம் இதுதான். இவ்வாறு பார்த்தால் செருக்கு என்பது தீய குணமாவதற்கு முன்பே ஒரு தவறான கணக்காக இருக்கிறது. துன்பம் அந்தக் கணக்கைக் கலைக்கிறது. புதிய கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்க்கும் துணிவைத்தான் கிறிஸ்தவம் பணிவு என்று அழைக்கிறது.

விவிலியம் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்திருக்கிறது. நியாயாதிபதிகள் நூல் (கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் நீதித்தலைவர்கள் நூல்) இஸ்ரயேல் மக்கள் செழிப்பில் கடவுளை மறப்பதையும், பகைவர் கையில் அகப்பட்டதும் கூக்குரலிடுவதையும், விடுதலை கிடைத்துச் சில காலம் கழிந்ததும் மீண்டும் பழைய வழிக்கே போவதையும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. வலிக்குப் பயந்து மட்டும் பிறந்த பக்தி வலி தீர்ந்தவுடன் தீர்ந்துவிடும் என்பதே அந்தச் சுழற்சியின் பாடம். எகிப்தின் பார்வோன் அடுக்கடுக்காக வாதைகளைப் பட்டும் ஒவ்வொரு வாதைக்குப் பின்னும் தன் நெஞ்சைக் கடினப்படுத்திக்கொண்டான். எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று கல்வாரியில் இருக்கிறது. இயேசுவின் இருபுறமும் அறையப்பட்ட இருவரும் ஒரே தீர்ப்புக்கு உள்ளாகி, ஒரே நாளில், ஒரே வகைச் சாவை எதிர்கொண்டவர்கள். ஒருவன் தன் வலியைப் பழிச்சொல்லாக மாற்றினான், மற்றவன் தன் நிலையின் உண்மையை ஒப்புக்கொண்டு தன்னை நினைவுகூரும்படி கேட்டான். துன்பத்தின் அளவு அவர்களைப் பிரிக்கவில்லை, துன்பத்தை ஏற்றுக்கொண்ட விதமே பிரித்தது. 410இல் உரோமை நகரம் சூறையாடப்பட்டபோது நல்லவரும் தீயவரும் ஒருங்கே அல்லல்பட்டதைக் கண்ட அகுஸ்தீன், ‘கடவுளின் நகரம்’ என்ற தம் நூலின் தொடக்கத்திலேயே இதே முடிவுக்கு வந்தார்: மனிதர் படுகின்ற பாடு ஒன்றாக இருக்கலாம், படுகின்ற மனிதர் ஒன்றாக இருப்பதில்லை.

சீகிரியாக் குன்றின் வரலாறு கிறிஸ்தவ வரலாறு அன்று. எனினும் இந்தக் கேள்வியைச் சிந்திக்கும் கிறிஸ்தவருக்கு அது நிறையக் கற்பிக்கிறது. கலாவெவ என்னும் பெருங்குளத்தைக் கட்டிய தாதுசேன மன்னனைக் கொல்வித்து 477இல் அரியணை ஏறிய அவன் மகன் காசியப்பன், இந்தியாவுக்குத் தப்பிச் சென்ற தம்பி முகலனுக்கு அஞ்சி அநுராதபுரத்தை விட்டு நீங்கி, சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் இந்தப் பாறையின் உச்சியில் அரண்மனை அமைத்தான். பாறையின் இடையில் செங்கல்லால் எழுப்பிய சிங்கத்தின் பாதங்கள் இன்றும் படிக்கட்டின் இருபுறமும் நிற்கின்றன. அச்சத்திலிருந்து பிறந்த கட்டடம் இத்தனை அழகோடு அமைந்தது வியப்புக்குரியது. காலம் செல்லச் செல்லக் காசியப்பன் தன் செயலை எண்ணி வருந்தினான் என்றும், மறுமையை நினைத்துப் பல புண்ணியச் செயல்களைச் செய்தான் என்றும் சூளவம்சம் கூறுகிறது. 495இல் தம்பி படையோடு வந்தபோது குன்றைவிட்டு இறங்கிப் போரிட்ட அவன், தன் சேனை சிதறியதும் தன் கையாலேயே உயிரை முடித்துக்கொண்டான். அவனுடைய உள்ளத்துக்குத் தீர்ப்பிடும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயினும் அச்சமும் வருத்தமும் மிகுந்திருந்தும் அவன் அந்த உயரத்தை மட்டும் விடவில்லை என்பது வெளிப்படை. தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், மீட்புக்கு இட்டுச் செல்லும் வருத்தத்தையும் சாவுக்கு இட்டுச் செல்லும் வருத்தத்தையும் பிரித்துக் காட்டுவது இத்தகைய இடத்தில்தான் விளங்குகிறது. யூதாசும் பேதுருவும் ஒரே இரவில் தம் தலைவருக்குத் துரோகம் செய்தவர்கள், இருவரும் வருந்தியவர்கள். ஒருவருடைய வருத்தம் தன்னையே சுற்றிச் சுழன்று கயிற்றில் முடிந்தது, மற்றவருடைய வருத்தம் தன்னைவிட்டு வெளியேறி மன்னிப்பைப் பெறக் கை நீட்டியது.

இந்தக் குன்றைச் சூழ்ந்த கண்டி இராச்சியத்தின் எல்லைக்குள் கிறிஸ்தவம் வந்து சேர்ந்த விதமே அதன் படிப்பினையைத் தாங்கி நிற்கிறது. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்க நம்பிக்கை பெரும்பாலும் ஆட்சியின் நிழலிலேயே பரவியது. கோட்டை மன்னன் தர்மபாலன் 1557இல் திருமுழுக்குப் பெற்றான். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைக்கு முழுவதுமாகச் சென்றது. ஞானஸ்நானப் பெயரும் ‘தொன்’ என்ற பட்டமும் பதவிக்கும் செல்வாக்குக்கும் வழியாயின. அக்காலத்திலும் உண்மையாக நம்பியவர்கள் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கடவுளை நம்புவதும் அரசை அண்டி நிற்பதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால், ஒருவர் எதன்மேல் சாய்ந்திருக்கிறார் என்பதை அவராலேயே பிரித்தறிய முடியாத நிலை நிலவியது.

1656இல் கொழும்பும் 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமானபோது அந்தத் தாங்குகோல் ஒரேயடியாகப் பிடுங்கப்பட்டது. குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக அறிவிக்கப்பட்டது. கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்குரியனவாக மாற்றப்பட்டன. திருமணமும் பிள்ளைகளின் பிறப்பும் சபையின் தோம்பில், அதாவது அரசின் பதிவேட்டில், ஏறினால்தான் வாரிசுரிமை செல்லும் என்ற நிலையில், கத்தோலிக்கர் பலர் பகலில் சீர்திருத்தச் சபையில் பெயர் பதிந்துவிட்டு இரவில் வீட்டுக்குள் செபமாலை சொன்னார்கள். கத்தோலிக்கப் போதனையில் இந்த இழப்பின் ஆழம் தனித்தன்மை கொண்டது. நற்கருணையும் பாவமன்னிப்பும் போன்ற திருவருட்சாதனங்கள், அதாவது கடவுளின் அருளைக் கண்ணுக்குப் புலப்படும் அடையாளத்தால் வழங்கும் சடங்குகள், குருவின் கையின்றி நடைபெற இயலாதவை. ஆகவே ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவர்களுடைய வழிபாட்டின் நடுப்பகுதியே வெறுமையாகிப் போயிற்று. மாந்தைப் பகுதியிலிருந்து கன்னி மரியின் சொரூபத்தோடு காட்டுக்குள் தப்பிச் சென்ற குடும்பங்களின் நினைவிலிருந்தே மடுத் திருத்தலத்தின் வரலாறு தொடங்குகிறது என்பது இக்காலத்தின் நெருக்கடிக்குச் சான்று.

இந்த வெறுமைக்குள் 1687இல் ஒருவர் ஏழையின் கோலத்தில் வந்து சேர்ந்தார். கோவாவின் பெனோலிமில் 1651இல் கொங்கணிப் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கோவாவில் ஒரட்டோரியன் சபையை, அதாவது துறவற வாக்குறுதிகள் எடுக்காமல் கூடி வாழும் குருக்களின் அமைப்பை, உருவாக்கியவர்களுள் ஒருவரான யோசப் வாஸ் அடிகளார், இலங்கைக் கத்தோலிக்கருக்குக் குருவே இல்லை என்று கேள்வியுற்றுத் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். ஒல்லாந்தரின் காவலைக் கடக்க அவர் குருவின் உடையைக் களைந்து பிச்சைக்காரர் கோலம் பூண்டிருந்தார். யோவான் என்ற ஒரே பணியாள் உடன் இருந்தார். காற்றும் பசியும் அலைக்கழித்த பயணத்தின் முடிவில் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது கடுமையான வயிற்றுளைச்சலால் நடக்கவும் வலுவின்றி விழுந்து கிடந்தார் என்றும், இரக்கமுள்ள பெண் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியால் உயிர் தப்பினார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. தேறியபின் கழுத்தில் செபமாலையை வெளியே தெரியும்படி அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்த மாலையைக் கண்டு எவருடைய கண் மாறுகிறதோ அவர் கத்தோலிக்கர் என்று அறிந்துகொள்வதே அவர் கண்ட வழி.

இந்தச் செயலைத் தந்திரம் என்ற அளவில் மட்டும் பார்ப்பது அதன் ஆழத்தைத் தவறவிடுவதாகும். சாதியின் படிவரிசை ஒவ்வொரு முற்றத்தையும் கிணற்றையும் பிரித்து வைத்திருந்த யாழ்ப்பாணத்தில், தம் பிறப்பின் மதிப்பையும் குருத்துவத்தின் மரியாதையையும் ஒருங்கே இறக்கி வைத்துவிட்டு, எவரும் எதையும் எதிர்பார்க்காத பிச்சைக்காரராக அவர் வாசலில் நின்றார். தூய பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்றார் என்று சொல்வதைக் கிறிஸ்தவ இறையியல் தன் மையமாகக் கொள்கிறது. கடவுளே தாழ்ந்து வந்தார் என்பதால், தாழ்வான இடம் அதன்பின் கடவுளற்ற இடமாக இருக்க முடியாது என்பதே அப்போதனையின் பொருள். அதிகாரத்தோடு வந்த மதத்தை அதிகாரத்தோடு இழந்த மக்களுக்கு, அதிகாரம் ஏதுமின்றி வந்த குரு ஒருவரால்தான் அது உண்மையில் எதைப் பற்றியது என்பதைக் காட்ட முடிந்தது. துன்பம் அவர்களைத் தயாராக்கியிருந்தது; பணிவு அவர்களைத் தேடி வந்தது; இரண்டும் சந்தித்த இடத்தில் திரும்புதல் நிகழ்ந்தது.

1689ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு இரவில் ஒல்லாந்தப் படைவீரர் யாழ்ப்பாணத்தில் திருப்பலிக்குக் கூடியிருந்தவர்களைச் சுற்றி வளைத்துச் சிறைப்பிடித்தனர். சிலர் கசையடி பட்டனர், அவர்களுள் ஒருவர் அந்த அடியிலேயே உயிர்விட்டார், மற்றவர்கள் கடும் உழைப்புத் தண்டனைக்கு அனுப்பப்பட்டனர். அகப்படாமல் தப்பிய வாஸ் அடிகளார் புத்தளம் வழியாக 1692இல் கண்டியை அடைந்தபோது, அரசவையிலிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று கூறியதால் காவலில் வைக்கப்பட்டார். அந்தக் காவலிலேயே அவர் சிங்களம் கற்றார், சிறு ஆலயம் அமைத்தார். பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைக் கண்காணிக்கக் கண்காணிக்க அவருடைய தூய்மையை அறிந்து, தம் பணியைச் செய்ய அவருக்கு உரிமை அளித்தான். 1697இல் கண்டியில் வைசூரி பரவியபோது நோயுற்றோர் காட்டில் கைவிடப்பட்டனர்; வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனான யோசப் கார்வாலியோ அடிகளாரும் அவர்களுக்குக் குடிசை போட்டுக் கொடுத்து, புண்ணைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைத் தம் கையால் புதைத்தனர். நோயாளி எந்தச் சமயத்தவர் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆயர் பதவிக்கான யோசனை வந்தபோதும் அதை ஏற்காமல் 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்த அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார்.

கண்டி மன்னரின் அடைக்கலத்தில் வாழ்ந்த கத்தோலிக்க ஊர்களுள் சீகிரியாவுக்குத் தென்மேற்கே, கலேவெலைப் பக்கத்தில் அமைந்த வஹகோட்டை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. போரில் சிறைப்பட்ட போர்த்துக்கேய வீரர்களின் வழித்தோன்றல்கள் இவ்வூரில் குடியமர்த்தப்பட்டனர் என்பது மரபு. வெற்றி கொள்ள வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தோற்றவர்களாகவும் அயலவரின் தயவில் வாழ்பவர்களாகவும், மொழியாலும் உழவாலும் அம்மண்ணின் மக்களாகவே மாறினார்கள். அவர்களிடம் எஞ்சியது நம்பிக்கை ஒன்றே. 1740களில் கண்டி அரசவையின் மனம் மாறிக் குருக்கள் வெளியேற்றப்பட்ட பின்னரும் அந்த நம்பிக்கை அணையவில்லை. இன்று வஹகோட்டைப் புனித அந்தோனியார் திருத்தலத்துக்குப் பல இனத்தவரும் சமயத்தவரும் திரள்கின்றனர். நாட்டை ஆண்ட காலத்தில் கிடைக்காத அந்த வரவேற்பு, ஆளும் தகுதி முழுவதையும் இழந்தபின் அவர்களுக்கு வாய்த்தது.

குருவின்றி நம்பிக்கை நிலைத்ததன் இயக்கத்தையும் நெருங்கிப் பார்க்க வேண்டும். வாஸ் அடிகளாரும் துணைக் குருக்களும் ஆண்டுக்கு ஒருமுறையோ அதனினும் அரிதாகவோதான் ஓர் ஊரை எட்ட முடிந்தது என்பதால், ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் பொறுப்பில் அமர்த்தினார்கள். மூப்பர் சபையின் காரியங்களைக் கவனிப்பவர். அண்ணாவியார் செபங்களைச் சொல்லிக் கொடுத்து, ஆபத்து வேளையில் திருமுழுக்குக் கொடுத்து, சாகும் தறுவாயில் இருப்பவர் அருகில் அமர்ந்து செபிப்பவர். 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி இவர்களுடைய கையில் கொடுத்தார். கிறிஸ்துவின் பாடுகளை விரித்துரைக்கும் அவருடைய ‘வியாகுல பிரசங்கம்’ தவக்காலத்தில், அதாவது உயிர்த்தெழுதல் விழாவுக்கு முந்தைய 40 நாள் நோன்புக் காலத்தில், தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் இராகத்தோடு வாசிக்கப்படும் வழக்கம் தலைமுறைகளைக் கடந்தது. வாசிப்பவர் மீனவராகவோ உழவராகவோ இருப்பார். கேட்கும் மக்கள் தம் வீட்டுச் சாவையும் சிறையையும் அடியையும் அந்தப் பாடுகளுக்குள் வைத்துக் கேட்பார்கள். தம் துயரம் கடவுளுக்கு அயலான ஒன்றன்று என்று உணரும்போது துயரத்தின் கசப்பு முறிகிறது. பணிவுக்கு இடம் உண்டாகிறது.

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்கும் சான்றையும் நேர்மையாக நோக்க வேண்டும். ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையில் நேர்மையும் கல்வியும் மிக்கவர்கள் இருந்தார்கள். அச்சபையின் தமிழ்ப் போதகரான பிலிப்பு தெ மெல்லோ புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்த உழைப்பு மதிக்கத்தக்கது. ஆயினும் சபையின் பதிவேடும் அரசின் பதிவேடும் ஒன்றாக இருந்ததால் அதில் பெயர் பதிந்தோர் பெருந்தொகையினராக இருந்தும், 1796இல் ஆங்கிலேயர் ஆட்சி தொடங்கிப் பதிவின் பயன் நீங்கியதும், மிகக் குறுகிய காலத்துக்குள் அவர்களுள் மிகப் பலர் சைவத்துக்கும் பௌத்தத்துக்கும் கத்தோலிக்கத்துக்கும் திரும்பிவிட்டார்கள். சலுகை காத்த சபை சலுகையோடு தேய்ந்தது. தண்டனைக்கு உள்ளான சபை தண்டனையைத் தாண்டி நிலைத்தது. இதில் ஒரு சபை மற்றதைவிட மேன்மையானது என்ற முடிவுக்கு இடமில்லை, ஏனெனில் போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கருக்கும் இதே சோதனை இருந்தது. எந்தச் சபையும் அதிகாரத்தின் தோளில் கைபோட்டு நடக்கும்வரை தன் நம்பிக்கையின் எடையை அறியாது என்பதே இரு காலங்களும் சேர்ந்து உணர்த்துவது.

தனிமனிதரின் வாழ்வில் இதே இயக்கத்தைக் காண, கடலுக்கு இப்பாலுள்ள திருவிதாங்கூரின் நீலகண்டப் பிள்ளை வரலாறு உதவும். நட்டாலத்தில் 1712இல் பிறந்து அரண்மனைப் பணியில் இருந்த அவர், குடும்பத்தில் அடுக்கடுக்காக வந்த இழப்புகளால் நொந்திருந்தபோது, குளச்சல் போரில் 1741இல் தோற்றுச் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளித்த தெ லனாய், யோபுவின் வரலாற்றை அவருக்கு எடுத்துச் சொன்னார். இலங்கையிலிருந்து புறப்பட்ட ஒல்லாந்தப் படையில் வந்து, எல்லாம் இழந்த கைதியாகி நின்ற ஒருவர் சொன்ன யோபுவின் கதை அது. அதனால்தான் அது நெஞ்சில் தைத்தது என்று கருத இடமுண்டு. 1745இல் தேவசகாயம் என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்ற அவர் 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். தேற்றியவர் மேலிருந்து அறிவுரை கூறவில்லை, பக்கத்தில் நின்று பேசினார் என்பது இங்கே கருதத்தக்கது.

யோபு நூல் தன்னளவில் இன்னொரு எச்சரிக்கையையும் தருகிறது. யோபுவின் நண்பர்கள், துன்பம் அவனுடைய பாவத்துக்குக் கிடைத்த தண்டனை, பணிந்து போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாதிட்டார்கள்; நூலின் முடிவில் கடவுள் கடிந்துகொள்வது முறையிட்டு வாதாடிய யோபுவை அன்று, அந்த நண்பர்களைத்தான். ஆகவே துன்பம் கடவுளிடம் திருப்பும் என்ற உண்மையைத் துன்புறுத்துகிறவனோ, துன்பத்தால் ஆதாயம் பெறுகிறவனோ, தூரத்தில் நின்று பார்க்கிறவனோ சொன்னால், அது உண்மையாக இருந்தாலும் பொய்யாகிவிடுகிறது. மாத்தளை மாவட்டம் இதற்கும் சாட்சி. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டைக் கால்நடையாகக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவ்வழி நெடுக அவர்களைத் தின்றன. அவர்களிடையே 1854இல் தொடங்கிய ஆங்கிலிக்கத் தமிழ்க் கூலி மிஷனின் உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து எழுத்தும் செபமும் கற்றுக் கொடுத்தது பெரும் தொண்டு. ஆயினும் தோட்ட முதலாளிகளின் நன்கொடையையும் நம்பி நடந்த ஒரு பணியிலிருந்து, லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில் வாழ்ந்த மக்களுக்குப் பொறுமையைப் போதிப்பது எளிதாகவும், அந்த லயத்தைக் கட்டியவருக்குப் பணிவைப் போதிப்பது அரிதாகவும் இருக்கும் என்பதை எந்தத் திருச்சபையும் மறக்கலாகாது.

களனியில் துலானா ஆய்வகத்தை நிறுவிய இலங்கை இயேசு சபைக் குரு அலோசியஸ் பீரிஸ் இந்த இடத்தில் தேவையான தெளிவைத் தருகிறார். விரும்பி ஏற்கும் வறுமை மனிதனைக் கடவுளிடம் கொண்டுசெல்லும் வழி, திணிக்கப்படும் வறுமை ஒழிக்கப்பட வேண்டிய தீமை என்று பிரித்து, முந்தையதை ஏற்றவனே பிந்தையதற்கு எதிராக நேர்மையோடு போராட முடியும் என்று அவர் விளக்கினார். வாஸ் அடிகளார் பிச்சைக்காரரானது முதல் வகை. வைசூரி கண்டவரைக் காட்டில் கிடக்க விடாமல் தூக்கியது இரண்டாவதற்கு எதிரான செயல். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழருக்காகக் கண்டியில் சத்யோதய நிலையத்தை அமைத்துப் பாடுபட்ட இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் அதே வழியில் நடந்தார். பிறர் துன்பத்தில் பங்கு கொள்வதற்காகத் தன் வசதியை இறக்கி வைப்பதே கிறிஸ்தவர் தாமாக நாடத்தக்க துன்பம். பிறர்மேல் சுமத்துவதற்கு அவருக்கு ஒரு துளியும் உரிமை இல்லை.

பணிவு வாய்மூடி இருப்பதன்று என்பதையும் அண்மைக் காலம் காட்டியது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டியப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் வழிபாட்டில் இருந்தவர்கள் குண்டுகளால் கொல்லப்பட்டார்கள். கொழும்பின் விடுதிகளிலும் பலர் இறந்தார்கள். அதன்பின் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் சில இடங்களில் தாக்கப்பட்டபோது, பழிவாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட திருச்சபைத் தலைவர்களே, தாக்குதலின் பின்னணி பற்றிய முழு உண்மையையும் அரசிடம் ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்டார்கள். பழியைக் கைவிடுவதும் நீதியைக் கேட்பதும் ஒரே பணிவின் இரண்டு செயல்கள். தீர்ப்பைத் தன் கையில் எடுக்காதவன், உண்மையை மறைக்கவும் உடன்படுவதில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால், கடவுளிடம் திரும்பியதை அறிந்துகொள்ள மூன்று அடையாளங்கள் கிடைக்கின்றன. முதலாவது, துன்பம் நீங்கிய பின்னும் அந்தத் திரும்புதல் நிலைத்திருக்கும். இரண்டாவது, தன் துன்பத்தைக் கொண்டு பிறர்மேல் உரிமை கொண்டாடாமல், பிறர் துன்பத்தைக் காணும் கண்ணை அது தரும். மூன்றாவது, மீண்டும் செல்வாக்கு வந்து சேரும்போது அதன்மேல் சாயாமல் நிற்கக் கற்றிருக்கும். மூன்றாவதே மிகக் கடினமானது. இன்று இலங்கையிலும் தமிழகத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் தமிழ்க் கிறிஸ்தவருக்குப் பெரிய கோவில்களும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் சமூக மதிப்பும் இருக்கின்றன; சில இடங்களில் நெருக்கடியும் இருக்கிறது. இழப்பு வரும்வரை காத்திருந்து பணிவைக் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. யோசப் வாஸ் அடிகளாரிடம் எவரும் எதையும் பறிக்கவில்லை. அவர் தாமே இறக்கி வைத்துவிட்டு வந்தார், அதனால்தான் பறிகொடுத்தவர்களின் வாசல் அவருக்குத் திறந்தது. வசதியாக இருக்கும் காலத்திலேயே சபையில் கடைசி இருக்கையில் அமர்பவரின் சொல்லைக் கேட்பதும், சாதியின் பெருமையைக் கோவில் நிருவாகத்திலிருந்தும் கல்லறைத் தோட்டத்திலிருந்தும் அகற்றுவதும், நிறுவனத்தின் பெயரைக் காக்க உண்மையை ஒளிக்காதிருப்பதும் துன்பம் வந்து கற்பிக்குமுன் கற்றுக்கொள்ளக்கூடிய பணிவின் பாடங்கள். அவற்றைக் கற்ற சபை, துன்பம் வரும்போது கடவுளைத் தேடி வெகுதூரம் நடக்க வேண்டியிராது.